கண்ணில் படக்கூடாதவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரி சமயத்தில் ஃப்ரீமாண்ட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கொலு பார்க்கப் போயிருந்தோம். ஏழு படி. மதுரை மீனாட்சி கல்யாணம், தசாவதாரம், கிரிக்கெட் டீம், எல்லாம் இருந்தது. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே மேல்மாடியிலிருந்து தொம், தொம் என்று ஒரு சத்தம், ஒரே கதியில். சத்தம் கூடியபோது வீட்டுக்கார அம்மாள் எழுந்து போய்ச் சுருதிப் பெட்டியின் ஒலியைக் கூட்டி வைத்தார். கழிவறைக்கென்று மேலே போன என் மகள் திரும்பி வந்து எல்லோர் காதிலும் விழும்படி, "மேல ஒரு அண்ணா இருக்காங்களே, அது யாரு?" என்று கேட்டாள்.

நாலு வருடமாகப் பழகிய குடும்பம் அது. அவர்களுக்கு ஒரே பெண் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பையனுக்கு அப்போது பதினாலு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. சுண்டல் எடுத்துத் தரும் சாக்கில் அந்த அம்மாள் என் மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா, அவன் கீழ வந்தா பொம்மையெல்லாம் தட்டி விட்டுடுவான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "இவளுக்கு நாளைக்கு ஒரு நல்ல இடம் அமையணுமே அக்கா" என்றார்.

அந்த வீட்டாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த மேல்மாடி அறையை அவர்கள் மட்டுமா கட்டினார்கள் என்ற கேள்வி அன்றிரவு காரில் வரும்போது எழுந்தது. அதன் பின் இது பற்றிப் படித்ததில், நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கிக் குடியிருக்கும் மூன்று இடங்களுக்குமே இந்த விஷயத்தில் ஒரு பழங்கதை இருப்பது தெரியவந்தது. விரிகுடாப் பகுதி, நியூ ஜெர்ஸி, டெக்ஸாஸ்.

முதலில் ஸான் ஃப்ரான்சிஸ்கோ. 1867ல் இந்நகரம் ஒரு உத்தரவு போட்டது. தெருவில் பிச்சை எடுப்பதைத் தடை செய்வதோடு, நோயாலோ ஊனத்தாலோ உருச்சிதைந்து, பார்ப்பதற்கு அருவருப்பாக இருக்கும் எவரும் தெருவிலும் பொது இடங்களிலும் தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றது அது. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம். கை கால் இழந்த சிப்பாய்களும், தங்கம் தேடி வந்து உடம்பைத் தொலைத்தவர்களும் ஊரில் நிறைந்திருந்த காலம். அவர்கள் பசியைவிட அவர்கள் தோற்றம்தான் நகரத்துக்குத் தொல்லையாகப் பட்டிருக்கிறது. பிடிபட்டவர்களை ஏழையர் விடுதிக்கு அனுப்பினார்கள். பிறகு வேறு பல நகரங்களும் இதைப் பார்த்து எழுதிக்கொண்டன. சிகாகோவின் சட்டம் 1881ல் வந்தது, 1974ல்தான் நீக்கப்பட்டது. பின்னாளில் இவற்றுக்கு 'அவலட்சணச் சட்டங்கள்' என்று பெயர் வந்தது. இவற்றின் வரலாற்றை 2009ல் விரிவாக நூலாக எழுதிய சூசன் ஷ்வைக், பெர்க்லியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். சட்டத்தைவிட, பார்ப்பவர் கண்தான் அவருக்குப் பொருள்.

'வெள்ளைக்காரன் புத்தி' என்று இதைத் தள்ளிவிட முடியாது. புறநானூற்றின் 28ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்லும் அறிவுரை அது. மனிதப் பிறப்பில் எட்டுக் குறைகளை வரிசையாகச் சொல்கிறார். பார்வையின்மை, உருவமற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கு வடிவம், அறிவு மயக்கம். இவற்றால் ஒரு பயனும் இல்லை என்று அறிந்தோர் சொல்லியிருக்கிறார்கள், நீ அப்படிப் பிறக்கவில்லை, ஆகவே அறம் பொருள் இன்பம் மூன்றையும் செய் என்பது சாரம். கவிதை நல்ல கவிதைதான். ஆனால் அந்த எட்டுப் பேரும் அரசனின் நிறைவைக் காட்டுவதற்காகவே பாட்டுக்குள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சபையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று உரையாசிரியர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் செழித்த நொண்டி நாடகங்களிலும் கதை ஏறக்குறைய ஒன்றே. தாசியிடம் பொருளைத் தொலைத்தவன் திருடப் போகிறான், பிடிபடுகிறான், கால் வெட்டப்படுகிறது. பிறகு தெய்வ அருளாலோ பெரியவர் துணையாலோ கால் வளர்கிறது. ஊனம் என்பது குற்றத்தின் தண்டனை, மன்னிப்பின் அடையாளம் குணமாவது. இடையில் ஊனத்தோடேயே வாழ்ந்து முடித்த ஒரு நொண்டியின் நாடகம் இல்லை. இதற்கு மாறாக இரட்டைப் புலவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை, முன்னவர் தோளில் பின்னவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள் என்பது மரபு. நம் மரபில் எனக்கு மிகப் பிடித்த சித்திரம் அதுதான். ஆனால் அன்றாடப் பேச்சில் தங்கியது அவர்கள் இல்லை. நொண்டிச் சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம், ஊமைக் குசும்பு, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள்.

நியூ ஜெர்ஸி கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. மாநிலத்தின் தென்கோடியில் வைன்லண்ட் என்ற ஊரில், 1888ல் தொடங்கிய ஒரு பயிற்சிப்பள்ளி இருந்தது. மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கானது. அங்கே 1906ல் ஆராய்ச்சி இயக்குநராக வந்தவர் ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர். பிரெஞ்சுக்காரரான பினேயின் அறிவுச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர். இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இன்னொருவனை 'மோரான்' என்று திட்டுகிறானே, அந்தச் சொல்லை 1910ல் கிரேக்க வேரிலிருந்து உண்டாக்கி மருத்துவச் சொல்லாகப் புழக்கத்தில் விட்டவர் இவர்தான். சோதனையில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான மதிப்பெண் பெறும் பெரியவர்களைக் குறிக்க அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

1912ல் அவர் வெளியிட்ட 'காலிகாக் குடும்பம்' என்ற நூல் அக்காலத்தில் பரபரப்பாக விற்றது. வைன்லண்டில் இருந்த 'டெபோரா' என்ற பெண்ணின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடிப் போனதாகச் சொல்கிறது அந்நூல். அமெரிக்கப் புரட்சிக் காலச் சிப்பாய் ஒருவனுக்கு இரண்டு வம்சங்களாம். மதுக்கடையில் இருந்த மந்தபுத்திப் பெண் ஒருத்தியின் வழியில் வந்தவர்கள் 480 பேர், அதில் 143 பேர் புத்திக்குறைவு உள்ளவர்களாம். முறையாக மணந்த மனைவியின் வழியில் வந்தவர்களோ பெரும்பாலும் மேன்மக்களாம். காலிகாக் என்ற பெயரே 'நல்ல', 'கெட்ட' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அவர் செய்தது. நல்ல ரத்தம், கெட்ட ரத்தம். நம் ஊர்ப் பாட்டிகள் 'குலம் பார்த்துப் பெண்ணெடு' என்று சொல்வதை ஆராய்ச்சி மொழியில் எழுதியதுபோல் இருக்கும். ஜெர்மானியர்களுக்கு இந்நூல் மிகவும் பிடித்துப்போயிற்று. 1914லேயே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 1933ல் ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்த அதே ஆண்டு மறுபடியும் அச்சிட்டார்கள்.

பின்னாளில் வம்சாவளி ஆவணங்களைத் தோண்டியவர்கள் கண்டது, அந்த மதுக்கடைக் கதையே தவறு என்பது. 'கெட்ட' கிளையின் மூதாதையாகச் சொல்லப்பட்டவர் அந்தச் சிப்பாயின் மகனே இல்லை. 'டெபோரா'வின் உண்மைப் பெயர் எம்மா வுல்வர்டன். 1897ல், எட்டு வயதில் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர். நன்றாகத் தைப்பார், மரவேலை செய்து நாற்காலி மேஜை செய்வார், இசைக்கருவி வாசிப்பார், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். 1978ல் இறக்கும்வரை ஏதாவது ஒரு காப்பகத்தில்தான் இருந்தார். எண்பத்தொரு வருடம். காடர்டே 1928ல் தன் கருத்துகள் சிலவற்றைத் திரும்பப் பெற்றார். எம்மாவுக்குக் கதவு திறக்கவில்லை.

காகிதத்தோடு நிற்கவில்லை இது. 1911ல், பின்னாளில் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்ஸன் நியூ ஜெர்ஸி ஆளுநராக இருந்தபோது, காப்பகங்களில் இருந்த சிலருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆலிஸ் ஸ்மித் என்ற காக்காய்வலிப்புக்காரப் பெண். வழக்கு நடந்து 1913ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அவர் இருந்த காப்பகம் ஸ்கில்மனில். ப்ரின்ஸ்டனுக்கு வடக்கே மாண்ட்கோமரி பக்கம் வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்குத் தெரியும். 1998 வரை வெவ்வேறு பெயர்களில் இயங்கிய காப்பகம் இருந்த இடம் இப்போது பூங்கா. நாய்களை ஓடவிட்டு, குழந்தைகள் சைக்கிள் பழகுகிறார்கள். கலிஃபோர்னியாவில் தள்ளுபடி எதுவும் நடக்கவில்லை. 1909ல் வந்த சட்டம் 1979 வரை நின்றது, சுமார் 20,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது.

எல்லிஸ் தீவு நமக்குச் சுற்றுலா இடம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சுதந்திர தேவி சிலையோடு சேர்த்துக் காட்டிவிடுவோம். அதன் பெரும்பகுதி நியூ ஜெர்ஸிக்குச் சொந்தம் என்று 1998ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்கள் மேல்சட்டையில் மருத்துவர்கள் சாக்குக்கட்டியால் ஓர் எழுத்துப் போடுவார்கள். நொண்டினால் ஒன்று, கண்ணில் கோளாறென்றால் ஒன்று, புத்தி சரியில்லையோ என்று சந்தேகம் வந்தால் வலது தோளில் ஒரு பெருக்கல் குறி. காடர்டின் உதவியாளர்கள் வைன்லண்டிலிருந்து அங்கேயும் போய்ச் சோதனை நடத்தினார்கள். பல நாள் கடலில் வந்து, மொழி தெரியாமல், விழித்துக்கொண்டு நின்றவர்களிடம்.

அந்தப் போக்கின் உச்சமாக 1917ல் ஒரு குடியேற்றச் சட்டம் வந்தது. உள்ளே விடக்கூடாதவர்களின் பட்டியலில் மந்தபுத்திக்காரர், காக்காய்வலிப்புக்காரர், சித்தம் கலங்கியவர் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, அதே சட்டத்திலேயே ஆசியாவின் பெரும்பகுதியை ஒரு கோட்டுக்குள் அடைத்து அங்கே பிறந்தவர்களுக்கும் தடை போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் இந்தியா இருந்தது, இலங்கையும் இருந்தது. நலங்கிள்ளியும், மேல்மாடியில் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கும் பையனும் ஒரே சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். நமக்குக் கதவு சரியாகத் திறந்தது 1965ல். மனவளர்ச்சிக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கும் பிரிவு நீங்கியது 1990ல்தான். இருபத்தைந்து வருடம் நாம் முந்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

இந்த மாற்றம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. பெர்க்லியில் எட் ராபர்ட்ஸ் என்றொரு மாணவர் 1962ல் சேர்ந்தார். பதினாலு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாமல் போனவர். தூங்குவதற்கு 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அதை வைக்க விடுதி அறையில் இடமில்லாததால் பல்கலைக்கழக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். வேலை பார்க்கத் தகுதியில்லாதவர் என்று அவரை ஒதுக்கப் பார்த்த மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975ல் இயக்குநரானார். அவரும் நண்பர்களும் 1972ல் தொடங்கிய சுயவாழ்வு மையம் உலகம் முழுக்கப் பலவற்றுக்கு முன்மாதிரி.

1973ல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தில் 504ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்பது அது. சட்டம் வந்ததே தவிர, அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நாலு வருடமாக எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரல் 5ஆம் தேதி ஸான் ஃப்ரான்சிஸ்கோ அரசுக் கட்டடம் ஒன்றுக்குள், சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் வெள்ளைக் கோலோடும் சுமார் 150 பேர் நுழைந்தார்கள். வெளியேற மறுத்தார்கள். ஜூடி ஹ்யூமன், கிட்டி கோன் போன்றோர் தலைமை. பலருக்கு இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், மருந்து வேண்டும். மருந்தைக் குளிரில் வைக்கக் குளிர்சாதனக் கருவியின்மேல் ஒரு பெட்டியை ஒட்டிவைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் அன்று செவிடாயிருந்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தார் தினமும் சூடாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி அமைச்சர் கலிஃபானோ கையெழுத்திட்டார். பதின்மூன்று வருடம் கழித்து வந்த 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கு அடித்தளம் இங்கேதான் விழுந்தது.

டெக்ஸாஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கம் இருப்பவர்கள் தெற்கே கொஞ்ச தூரம் போனால் கிளீபர்ன் என்ற ஊர் வரும். அங்கே மனவளர்ச்சி குன்றிய 13 பேர் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ அனுமதி கேட்டபோது நகரம் மறுத்தது. மாணவர் விடுதிக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ அங்கே தனி அனுமதி வேண்டியதில்லை, இவர்களுக்கு மட்டும் வேண்டும். மறுத்ததற்குச் சொன்ன காரணங்களைப் படித்தால் சிரிப்பு வரும். அக்கம்பக்கத்தார் பயப்படுகிறார்கள். எதிரே இருக்கும் பள்ளியின் பிள்ளைகள் இவர்களைக் கேலி செய்யக்கூடும். ஐந்நூறு வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடம் அது. எதிரே இருந்த பள்ளியிலேயே மனவளர்ச்சி குன்றிய மாணவர்கள் சுமார் 30 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை 1985 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, நகரத்தின் மறுப்பைச் செல்லாது என்றது. பிறர் மனத்திலுள்ள வெறுப்பைச் சட்டம் தொட முடியாமல் போகலாம், ஆனால் அந்த வெறுப்புக்குச் சட்டம் கையாளாக இருக்க முடியாது என்பது அதன் சாரம்.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுமில்லை. 2004லிருந்து டெக்ஸாஸ் கல்வித்துறை, சிறப்புக் கல்வி பெறும் மாணவர் விகிதத்துக்கு 8.5 சதவீதம் என்று ஓர் அளவுகோலை வைத்துப் பள்ளிகளை மதிப்பிட்டது. அதற்கு முன் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்தது இறங்கி அந்த அளவிலேயே வந்து நின்றது. ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை 2016ல் வெளியிட்ட பிறகுதான் கைவிட்டார்கள். அந்த வருடங்களில் 'உங்க பையனுக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கவனம் குறைவு' என்று பள்ளியில் சொல்லக் கேட்டு நிம்மதியோடு வீட்டுக்கு வந்த நம் பெற்றோரும் அங்கே இருந்திருப்பார்கள். மறைக்க விரும்பும் குடும்பத்துக்கும் கணக்கைக் குறைக்க விரும்பும் அலுவலகத்துக்கும் ஒத்துப்போவது எளிது.

இனி நம் விஷயம். நாம் கருணையில்லாதவர்கள் அல்ல. தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்துக்கு அமெரிக்கத் தமிழர்கள் நிறையக் கொடுக்கிறார்கள். ராமகிருஷ்ணன் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியிலிருந்தே ஒரு பெரிய நிறுவனத்தை உண்டாக்கியவர். அவர் கதையைக் கேட்டுக் கண்கலங்குகிறோம், காசோலை எழுதுகிறோம். எட்டாயிரம் மைல் தொலைவில் இருக்கும் ஊனம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அதே நாம், சம்பந்தம் பேசும்போது 'குடும்பத்துல யாருக்காவது ஏதாவது...' என்று இழுக்கிறோம். வைன்லண்ட் நூலை யாரும் படிப்பதில்லை இன்று. அதன் வாதம் மட்டும் நம் திருமணத் தகவல் படிவங்களில் ஆரோக்கியமாக இருக்கிறது. அண்ணனுக்கு ஆட்டிசம் என்றால் தங்கைக்கு வரன் தட்டும். தங்கைக்கு வரன் தட்டும் என்பதால் அண்ணன் மேல்மாடியில்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருணாநிதி முதல்வராயிருந்த 2006-2011 ஆட்சியில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' அரசுச் சொல்லாயிற்று. மரியாதையான சொல். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்ற ஒரு நிம்மதியும் அதில் இருக்கிறது. மேடையில் மாற்றுத்திறனாளி, வீட்டுக்குள் 'பாவம், அந்த மாதிரிப் பிள்ளை'. அமெரிக்காவில் உரிமைக்குப் போராடியவர்கள் பலர், அலங்காரச் சொல்லெல்லாம் வேண்டாம், ஊனமுற்றவர் என்றே சொல்லுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள் என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அதனால்தான் இக்கட்டுரையில் பழைய சொல்லையே பல இடங்களில் விட்டுவைத்திருக்கிறேன்.

மறைப்பவர்களைப் பேசினேன், விருந்தாளிகளைப் பேசவில்லை. அன்று கொலுவில் இருபது பேர் இருந்தோம். தொம் தொம் என்ற சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் கேட்கவில்லை. நாசூக்கு என்று நினைத்துக்கொண்டோம். என் மகள் கேட்டதும் அவளை நான் தான் அதட்டினேன். சுருதிப் பெட்டி செய்த வேலையை நானும் செய்தேன்.

மறுவருடம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அழைக்க என் மனைவி தொலைபேசியில் பேசியபோது, "தம்பியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அரை மணி நேரம் இருக்கோம் அக்கா" என்று பதில் வந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்னால், மாலை நாலு மணிக்கே வந்தார்கள். பையன் நேராகக் கொலுவுக்குப் போனான். கைகளை ஆட்டிக்கொண்டு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செட்டியார் பொம்மையை எடுத்துத் தரையில் போட்டான். தலை தனியாகப் போயிற்று. அம்மா முகம் வெளிறிவிட்டது. என் மகள் பசைக் குழாயை எடுத்துவர ஓடினாள்.

இப்போதும் அவர்கள் வீட்டுக் கொலுவில், டாலஸிலிருந்து உறவினர் வந்தால் மேல்மாடிக் கதவு சாத்தித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நாலு மணிக்கு வருகிறார்கள். போன வருடம் ஐந்தரைவரை இருந்தார்கள், அதற்குள் வேறு இரண்டு குடும்பங்கள் வந்துவிட்டன. செட்டியாரை மூன்றாம் படியில்தான் வைக்கிறோம். கழுத்தில் பசை கொஞ்சம் தெரிகிறது.